காற்றைக் கெடுப்பவர் யார், அபராதம் கட்டுபவர் யார்?

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களுக்காக ஜனவரி மாதம் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடந்த டிசம்பர் 14 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 461 என்று பதிவாயிற்று. 400-ஐத் தாண்டினாலே ‘கடுமையான’ நிலை என்பது அரசாங்கத்தின் சொந்த வரையறை. படிநிலை நடவடிக்கைத் திட்டத்தின் இறுதிக் கட்டம் அமலுக்கு வந்தது. கட்டுமானப் பணிகள் நிறுத்தப்பட்டன. அலுவலக ஊழியர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்று அறிவிக்கப்பட்டது. இந்த அறையில் அமர்ந்திருக்கும் தோழர்களில் கொத்தனார்கள் இருக்கிறீர்கள், சித்தாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் இருக்கிறீர்கள், நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்குபவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் எந்த வீட்டிலிருந்தபடி சுவர் எழுப்புவது?

காற்று மாசு என்றவுடன் நமது தோழர்களிடையேகூட ஓர் எண்ணம் இருக்கிறது. இது காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க வசதியுள்ள நடுத்தர வர்க்கத்தின் கவலை என்றும், கூலி, ரேஷன், குடியிருப்பு ஆகியவையே நமது பிரச்சினைகள் என்றும் பலர் கருதுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே இன்று நான் பேச வந்த விஷயம். மாசை உண்டாக்குவதில் யாருக்கு இலாபம், அதைச் சுவாசிப்பதில் யாருக்கு நட்டம், மாசைத் தடுப்பதாகச் சொல்லி அரசு கை ஓங்கும்போது அடி யார் மீது விழுகிறது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், இது முழுக்க முழுக்க வர்க்கப் பிரச்சினை என்பது விளங்கும்.

முதலில் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, இரண்டரை மைக்ரான் அளவுக்கும் குறைவான நுண்துகள்களைத்தான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள இத்துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. எனவேதான் மாசு இருமலோடு நிற்காமல் மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் வெளிப்படுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இந்திய அரசின் வரம்பு, 2009-இல் வகுத்தபடி, இன்றும் 40. இந்தத் தளர்ந்த வரம்பையே தில்லி இருமடங்குக்கு மேல் மீறிக்கொண்டிருக்கிறது.

2019-ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசினால் 16.7 இலட்சம் பேர் உயிரிழந்ததாக ‘லான்செட்’ ஆய்வு மதிப்பிட்டது. 2021-ஆம் ஆண்டுக்கான மற்றொரு சர்வதேச மதிப்பீடு 21 இலட்சம் என்கிறது. நாடாளுமன்றத்தில் கேட்கும்போதெல்லாம் ஒன்றிய அரசு அளிக்கும் பதில் ஒன்றுதான்: காற்று மாசுக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பை உறுதியாக நிறுவும் தரவு இல்லை. இறப்புச் சான்றிதழில் ‘காற்று’ என்று எந்த மருத்துவரும் எழுதப் போவதில்லை. ஆகவே இந்தப் பதில் எக்காலத்துக்கும் செல்லுபடியாகும்!

சரி, குற்றவாளி யார்? ஒவ்வோர் அக்டோபரிலும் தொலைக்காட்சிகள் விரலை நீட்டுவது பஞ்சாப், அரியானா விவசாயியை நோக்கி. நெல் அறுவடை முடிந்த வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார் என்பது உண்மைதான். அந்த நாட்களில் தில்லியின் மாசில் அதற்குக் கணிசமான பங்கும் உண்டு; அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் அவர் ஏன் கொளுத்துகிறார்?

பஞ்சாப் நெல் தின்னும் மாநிலமல்ல. கோதுமையோடு நெல்லையும் பயிரிட வைத்தது பசுமைப் புரட்சியும், இந்த இரண்டை மட்டுமே உறுதியாகக் கொள்முதல் செய்த அரசுக் கொள்கையும். நெல்லுக்கு இறைத்து நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனபின், 2009-இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நாற்று நடக்கூடாது என்பது அதன் விதி. நீரைக் காக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல்லை அறுத்துக் கோதுமையை விதைக்க விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று வாரங்களே. கூலிக்கு ஆள் வைத்து அடியோடு அறுத்தால் கட்டாது. கம்பைன் இயந்திரமோ கதிரை எடுத்துக்கொண்டு தாளை நிற்கவிட்டுப் போகிறது. அதை மடக்கி உழும் கருவிக்கு விலையும் டீசலும் வேண்டும். தீக்குச்சிக்கு எதுவும் வேண்டாம். தாளைக் கொளுத்தாத சிறு, குறு விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடுங்கள் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. தொடக்கத்தில் சிலருக்குக் கொடுத்தார்கள், பிறகு நின்றுபோயிற்று. நிற்காமல் தொடர்வது அபராதம். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு அதை இருமடங்காக்கியது. இரண்டு ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பஞ்சாபில் செயற்கைக்கோள் பதிவு செய்த வயல் தீக்களின் எண்ணிக்கை 2021-இல் 71,000-க்கும் மேல். 2024-இல் ஏறத்தாழ 11,000. 2025-இல் 5,000 அளவு. செயற்கைக்கோள் கடந்து சென்றபின் கொளுத்துவதால் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறது என்று சில அறிவியலாளர்கள் கூறுகின்றனர். அதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் நவம்பர் இறுதியில் வயல்களில் கோதுமை முளைத்துவிடுகிறது. டிசம்பர் 14 அன்று நாம் சுவாசித்தது யாருடைய புகை?

விடையைத் தேடினால் புகைபோக்கிகளிடம் வந்து சேர்வோம். கான்பூர் ஐஐடி தில்லிக் காற்றை ஆராய்ந்து 2016-இல் அறிக்கை அளித்தது. குளிர்காலத்து நுண்துகள்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, துகளாகவே வெளியேறியவை அல்ல. வாயுவாக வெளியேறி, காற்றில் பயணம் செய்யும்போது துகளாக மாறியவை என்று அது கண்டது. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து சல்பேட் நுண்துகளாகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து செல்கிறது. தில்லியின் பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. இன்று நகர எல்லைக்குள் நிலக்கரி நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தாத்ரியும் ஜஜ்ஜரும் பானிபட்டும் எரிந்துகொண்டிருக்கின்றன. காற்றுக்கு மாநில எல்லை கிடையாது. வடக்கே இமயமலை, குளிர்காலத்தில் தரையை ஒட்டித் தேங்கி நிற்கும் குளிர்ந்த காற்று: கங்கைச் சமவெளி முழுவதும் மூடியிட்ட பாத்திரம்போல ஆகிவிடுகிறது.

இந்தக் கந்தகத்தைப் பிடிக்க வழி இல்லையா? இருக்கிறது. புகை வெளியேறும் முன் அதன்மீது சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்தால் கந்தகத்தின் பெரும்பகுதி ஜிப்சமாகப் படிந்துவிடும். உலகம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் எளிய வேதியியல் இது. 2015 டிசம்பர் 7 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகமே அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பு விதித்து, இரண்டாண்டு கெடு கொடுத்தது. கெடு 2017-இல் முடியவில்லை. 2022 வரை நீண்டது. 2021-இல் நிலையங்களை அ, ஆ, இ என வகை பிரித்து மீண்டும் நீட்டினார்கள். 2022-இல் மீண்டும். 2024 டிசம்பரில் மீண்டும். கடைசியாக 2025 ஜூலை 11 அன்று நீட்டிக்கும் சிரமமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். நாட்டிலுள்ள சுமார் 600 அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு ‘இ’ வகை. அவற்றுக்குப் புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தாலே போதும், கந்தக வரம்பு கிடையாது. மாசு மிகுந்த பகுதிகளின் அருகிலுள்ள ‘ஆ’ வகை தனித்தனியே பரிசீலிக்கப்படும். தேசியத் தலைநகர்ப் பகுதிக்கும் பெருநகரங்களுக்கும் அருகிலுள்ள ‘அ’ வகைக்கு 2027 டிசம்பர் வரை அவகாசம்.

இந்தியக் கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். குறைவுதான், சுமார் அரை விழுக்காடு. ஆனால் கணக்குப் போடுவோம். 1000 மெகாவாட் நிலையம் முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 15,000 டன் நிலக்கரி எரியும். அதில் அரை விழுக்காடு 75 டன் கந்தகம். எரியும்போது கந்தகம் தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் வெளியேறுவது 150 டன் வாயு. ஒரே நிலையம், ஒரே நாள். 2024-25-இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. உலகிலேயே மிக அதிகக் கந்தக டை ஆக்சைடை வெளியிடும் நாடு இன்று இந்தியா. உயர்ந்த புகைபோக்கி இந்த 150 டன்னில் ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. பக்கத்து ஊரில் விழ வேண்டியதை அடுத்த மாநிலத்தில் விழச் செய்கிறது, அவ்வளவே. கருவி பொருத்தினால் மின்கட்டணம் ஏறும் என்கிறார்கள். இலாபத்திலிருந்து செலவிடலாம் என்ற யோசனை அந்த விவாதத்தில் எங்கும் எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சட்டத்தின் இரு முகங்களைப் பார்ப்போம். 2020 அக்டோபரில் தில்லி காற்றுத் தர மேலாண்மைக்கென்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வயலில் தாளைக் கொளுத்திய விவசாயியும் அதற்குள் வந்தார். அடுத்த மாதமே சிங்கு, டிக்ரி எல்லைகளில் அமர்ந்த விவசாயிகள், மூன்று வேளாண் சட்டங்களோடு இதையும் எதிர்த்தார்கள். 2021-இல் நிறைவேறிய சட்டத்தில் விவசாயிகளுக்குச் சிறைத்தண்டனை கிடையாது என்று எழுத வைத்தது அந்தப் போராட்டம்தான். முதலாளிகளுக்கு அப்படிப் பனியில் அமரும் தேவை ஏற்படவில்லை. 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்தது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்திலும் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பல குற்றங்களுக்கு இருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டது. 10,000 முதல் 15 இலட்சம் ரூபாய் வரை கட்டினால் போதும். போபால் நச்சுவாயுப் படுகொலைக்குப் பின் பிறந்த சட்டம் அது, தோழர்களே. அதையும் விசாரித்து நிரூபிக்க ஆள் வேண்டுமல்லவா? மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஏறத்தாழ பாதிப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

தில்லியைவிட்டு வெளியே போவோம். மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கும் சிங்ரௌலி, சோன்பத்ரா பகுதியில் 20,000 மெகாவாட்டுக்கும் மேல் அனல்மின் உற்பத்தித் திறன் குவிந்திருக்கிறது. தில்லியின் விளக்குகளுக்கு அங்கிருந்தும் மின்சாரம் வருகிறது. முதலில் ரிகந்த் அணைக்காக ஊரை இழந்தவர்கள், பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்காகவும், அதன்பின் மின் நிலையத்துக்காகவும் எழுந்து நடந்தார்கள். இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல். அதைக் கொட்டும் குளங்கள் மலைபோல் நிற்கின்றன. கோடையில் காற்று வீசினால் சோற்றில் சாம்பல், மழையில் கரைந்தால் குடிநீரில் சாம்பல். 2020 ஏப்ரலில், நாடே ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தபோது, அங்கே ஒரு சாம்பல் குளத்தின் கரை உடைந்து உயிர்களையும் விளைநிலங்களையும் விழுங்கியது. தில்லியில் காற்றை அளக்க ஏறத்தாழ 40 தானியங்கி நிலையங்கள் உண்டு. நிலக்கரி வட்டாரக் கிராமங்கள் பெரும்பாலானவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. கருவி இல்லாத ஊரில் குறியீடு இல்லை. குறியீடு இல்லாத ஊரைத் தொலைக்காட்சி அறியாது.

சேதம் மனித உடலோடு நிற்பதில்லை. வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு, வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் ஆகிறது. அது கோதுமை இலைக்குள் புகுந்து விளைச்சலைக் குறைக்கிறது. புகைக் குற்றவாளியாக நிறுத்தப்படும் அதே விவசாயி, புகையால் மகசூல் இழப்பவராகவும் இருக்கிறார். கரிப்புகையின் கருந்துகள்கள் இமயப் பனியின்மேல் படிந்து அதை வேகமாக உருகச் செய்கின்றன. சல்பேட் துகள்கள் வெயிலை மறித்து நிலம் சூடாவதைக் குறைப்பதால், கடலுக்கும் நிலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு தளர்ந்து பருவமழையே பலவீனப்படுகிறது என்று வானிலை ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

அரசின் தீர்வுகள் என்ன? 2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. 131 நகரங்கள். அதன் பணத்தில் பெரும்பகுதி சாலைத் தூசியைக் கூட்டுவதற்கும் தண்ணீர் தெளிப்பதற்கும் போயிற்று. ஆலைப் புகைக்குப் போனது அற்பம். 2021-இல் கன்னாட் பிளேசில் 20 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒரு காற்றுச் சுத்திகரிப்புக் கோபுரம் எழுப்பினார்கள். கடந்த அக்டோபரில் விமானத்தில் பறந்து மேகத்தில் உப்பைத் தூவினார்கள். மழை வரவில்லை.

தில்லிக்கு இன்னொரு வரலாறு உண்டு. நம்மில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1996 ஜூலையில் 168 ஆலைகளை நகரைவிட்டு அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. பதிவேட்டில் பெயரில்லாத தற்காலிகத் தொழிலாளி வெறுங்கையோடு போனார். ஆலை நின்ற இடத்தின் மனைமதிப்போ முதலாளியிடமே இருந்தது. 1998 ஜூலையில் பேருந்துகளை எரிவாயுவுக்கு மாற்றும் புகழ்பெற்ற உத்தரவு வந்தது. அதே உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது: 2001 ஏப்ரலுக்குள் பேருந்துகளின் எண்ணிக்கையை 10,000 ஆக்க வேண்டும். முதல் பாதியை நிறைவேற்றினார்கள். இரண்டாம் பாதி கால் நூற்றாண்டாகியும் நிறைவேறவில்லை, ஏனென்றால் கார் விற்கும் நிறுவனங்களுக்கு அதில் இலாபமில்லை. ஆனந்த் விகாரில் முக்கால் மணி நேரம் பேருந்துக்குக் காத்து நின்று புகையை விழுங்கும் நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடந்த ஜூன் முதல் நாள் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதை நாம் பார்த்தோம். பாராபுல்லா வடிகாலைச் சுத்தப்படுத்த வேண்டும் என்பது காரணம், அங்கும் சுற்றுச்சூழல்தான். ஏறத்தாழ 370 தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேருக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடும் நரேலாவில். நகரிலிருந்து அகற்றப்பட்ட ஆலைகளுக்கு இடம் ஒதுக்கிய பவானாவும், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் அதே வட்டாரத்தில்தான். மாசுப் பட்டியலில் நரேலாவும் பவானாவும் அடிக்கடி முன்வரிசையில் வருவதை நாளேடுகளில் காண்கிறோம்.

நமது குறையையும் சொல்லியாக வேண்டும். நிலக்கரியிலும் மின்சாரத்திலும் நமது சங்கங்கள் இருக்கின்றன. புகைபோக்கியைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பல ஆண்டுகள் மௌனமாக இருந்தோம். ஒருமுறை நிலக்கரி வட்டாரத்தில் ஒரு கூட்டம் முடிந்தபின், சாம்பல் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். நிர்வாக மருத்துவமனையில் நிரந்தரத் தொழிலாளிக்கே அனுமதி என்றும், தமது இருமலுக்கு எங்கே போவது என்றும் கேட்டார். நமது 14 அம்சக் கோரிக்கைப் பட்டியலில் அதற்கு இடமில்லாதிருந்தது. கந்தக நீக்கக் கருவி பொருத்துவதும் வேலைதான், அதை இயக்கவும் ஆட்கள் வேண்டும் என்று நாம் அன்றே சொல்லியிருக்கலாம். சமையலறைப் புகையைப் பற்றியும் நாம் போதுமான அளவு பேசவில்லை. நான் சொன்ன 2019-ஆம் ஆண்டு மரணங்களில் ஆறு இலட்சத்துக்கும் மேல் விறகு, வறட்டி, கரி எரியும் அடுப்புப் புகையால் நேர்ந்தவை. உஜ்வலா திட்டத்தில் இணைப்பு கொடுத்துவிட்டு, மறு சிலிண்டரை வாங்க முடியாத விலையில் வைத்தால் பெண்கள் மறுபடியும் அடுப்புக்கே திரும்புகிறார்கள்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 2025 ஜூலை அறிவிக்கை திரும்பப் பெறப்பட வேண்டும். கருவியின் செலவை நிலைய உரிமையாளர் ஏற்க வேண்டும், மின்கட்டணத்தில் ஏற்றக்கூடாது. தாளை மடக்கும் செலவை அரசு ஏற்று, நெல்லுக்கு மாற்றான பயிர்களுக்கும் சட்டபூர்வ ஆதரவு விலையும் கொள்முதலும் உறுதி செய்ய வேண்டும். 10,000 பேருந்து என்ற பழைய உத்தரவை எடுத்து ஒவ்வொரு பணிமனை வாயிலிலும் வைத்துப் பேச வேண்டும்.

கட்டுமானத் தடைக்கால ஊதியம் நம் கையில் உடனே இருக்கும் வேலை. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு செஸ் வசூலாகி, நலவாரியத்தில் கோடிக்கணக்கில் கிடக்கிறது. 2024 குளிர்காலத்தில் வேலையிழந்தவர்களுக்கு அதிலிருந்து தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தில்லி அரசு 8,000 ரூபாய் அறிவித்து, முதலில் 2,000 மட்டும் கொடுத்தது. தலைமைச் செயலரை நீதிமன்றம் அழைத்த பின்பே மீதியைப் பற்றிப் பேசியது. அதுவும் பதிவு நடப்பிலிருந்த சுமார் 90,000 பேருக்குத்தான். தில்லியில் செங்கல் சுமப்பவர்கள் அதைப்போல் பல மடங்கு. நம் தோழர்களிலேயே எத்தனை பேரிடம் நலவாரிய அட்டை இருக்கிறது என்று காலையில் கேட்டேன்; உயர்ந்த கைகள் மிகக் குறைவு. வயது 18 முதல் 60-க்குள் இருந்து, கடந்த 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்த எவரும் பதிவு செய்யலாம். வேலைச் சான்றுக்குக் கையெழுத்திட மேஸ்திரி மறுத்தால் சங்கம் வந்து பேசும். படிவங்கள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு தென்தில்லிக் குடியிருப்புகளுக்கும் ஒரு குழு நரேலாவுக்கும் செல்கிறோம். நரேலாவுக்கு வருபவர்கள் பேருந்தை நம்பாமல் காலை ஆறு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.